ட்ரோன் வந்தால் மட்டத்தைக் கேளுங்கள்

ராமநாதபுரம் மாவட்ட விவசாயிகளுக்கு ட்ரோன் இனி புதிய பொருள் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் வழங்க மத்திய அரசு 2023-ல் 1,261 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோன்களுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. இதுவரை வந்தவை பெரும்பாலும் மருந்து தெளிக்கும் ட்ரோன்கள். அடுத்து வருபவை அளக்கும் ட்ரோன்கள். "கண்மாயையும் ஆற்றையும் வானிலிருந்து அளந்து தருகிறோம், தண்ணீரின் வெப்பத்தையும் படம் பிடித்துத் தருகிறோம்" என்று சொல்லி ஊராட்சிகளையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் தேடி வருகிறார்கள்.

இந்த இரண்டு வேலைகளில் முதலாவது நம் மாவட்டத்துக்கு மிகவும் தேவை. இரண்டாவது, பெரும்பாலான இடங்களில் நமக்குத் தேவையில்லை. ஆனால் விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது இரண்டாவதைத்தான். சிவப்பும் நீலமுமாக இருக்கும் வெப்பப் படம் பார்ப்பதற்கு அழகாக இருக்கும், அதுதான் காரணம்.

பத்து சென்டிமீட்டரின் விலை

பரமக்குடியிலிருந்து கடற்கரை வரை நிலம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் சரிகிறது. வைகை இந்தச் சமவெளியில்தான் வேகமிழந்து, கால்வாய் கால்வாயாகப் பிரிந்து, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. குண்டாறும் இந்தச் சமவெளியில் அப்படித்தான் வேகமிழக்கிறது. இவ்வளவு தட்டையான நிலத்தில் தண்ணீர் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் 100 மீட்டர் முன்னேறும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் 100 மீட்டர் பின்வாங்கும். கலுங்கின் உயரம் பற்றி மேலூருக்கும் கீழூருக்கும் தலைமுறை தலைமுறையாகச் சண்டை நடப்பது இதனால்தான். ஒரு கல் கூட வைத்தால் மேலூர் வயல் முழுகும். ஒரு கல் எடுத்தால் கடைமடைக்குத் தை மாதத் தண்ணீர் இல்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடங்களை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. அவற்றின் பிழையே சில மீட்டர்கள். மலை நாட்டில் அது பரவாயில்லை. நம் ஊரில் ஒரு கண்மாயின் மொத்த ஆழமே அவ்வளவுதான்.

ட்ரோன் இங்கேதான் பயன்படுகிறது. சாதாரணக் கேமரா பொருத்திய ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு புள்ளி தரையில் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான இடத்தைக் காட்டும். ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினியில் கோத்தால், நம் இரண்டு கண்கள் ஆழம் காண்பதுபோல மேடு பள்ளம் கிடைத்துவிடும். ஒழுங்காகச் செய்தால் உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் வரும். நான்கு காற்றாடி ட்ரோன் ஒரு பேட்டரியில் 20 முதல் 40 எக்டேர் வரை முடித்துவிடும்.

"ஒழுங்காகச் செய்தால்" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்மாயின் ட்ரோன் வரைபடம் என் மேசைக்கு வந்தது. நல்ல தாளில், வண்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். கண்மாயின் தரைமட்டம் என்று போட்டிருந்த எண், கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே! அச்சுப் பிழை என்று நினைத்தேன். அச்சுப் பிழை இல்லை. ஜி.பி.எஸ். தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமியை ஒரு வழவழப்பான முட்டை வடிவமாகக் கற்பனை செய்து அதிலிருந்து அளந்தது. நிஜக் கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்போடு எங்கும் ஒட்டி நிற்பதில்லை. உலகிலேயே அது மிகவும் தாழ்ந்திருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான். அங்கே சுமார் 106 மீட்டர் கீழே. நம் கரையில் 90 மீட்டரை ஒட்டி வரும். இந்தக் கணக்கைத் திருத்தாமல் கொடுத்த வரைபடம்தான் என் கைக்கு வந்தது. அதற்குப் பணமும் கொடுத்திருந்தார்கள்.

ஆகவே முதல் கேள்வி: "உங்கள் உயரம் எந்த அடையாளக் கல்லோடு இணைக்கப்பட்டது?" இந்திய நில அளவைத் துறை கடல் மட்டத்திலிருந்து அளந்து நிறுவிய மட்டக் கற்கள் உண்டு. நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கு அவை இருக்குமிடம் தெரியும். அந்தக் கல்லில் தொடங்கி, கண்மாயின் கலுங்கு, ஒவ்வொரு மடையின் அடிமட்டம், கரையின் தலைப்பு ஆகியவற்றுக்கு மட்டம் எடுத்து, ட்ரோன் படத்தை அதோடு பொருத்த வேண்டும்.

இரண்டாவது கேள்வி: "தரையில் எத்தனை குறிகள் வைத்தீர்கள்? சரிபார்ப்புப் புள்ளிகளில் பிழை எத்தனை சென்டிமீட்டர்?" பறப்பதற்கு முன் கறுப்பு-வெள்ளைக் கட்டங்களைத் தரையில் பரப்பி, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் தனியாக அளப்பார்கள். நூறு எக்டேருக்கு எட்டு, பத்தாவது வேண்டும். அதில் மூன்று நான்கைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, வரைபடம் தயாரானபின் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பிழை 10 சென்டிமீட்டரைத் தாண்டினால், அந்த வரைபடத்தை வைத்துக் கலுங்கு உயரத்தைப் பேசாதீர்கள்.

நீங்களே சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு, செலவில்லாதது. கண்மாய் பாதி நிரம்பியிருக்கும்போது, காற்று இல்லாத காலை நேரத்தில், தண்ணீர் விளிம்பு ஓடும் இடமெல்லாம் சமமட்டம். அன்று விளிம்பை ஒட்டி நாலைந்து இடத்தில் குச்சி நட்டு, அந்த இடங்களை வரைபடத்தில் பாருங்கள். எல்லாம் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும்.

எப்போது பறக்க வேண்டும்

சித்திரை, வைகாசியில். சாதாரணக் கேமராவுக்குக் கலங்கல் தண்ணீருக்கு அடியில் எதுவும் தெரியாது. தண்ணீரோடு கண்மாயை அளந்தால் தண்ணீரின் மேல்பரப்புத்தான் கிடைக்கும், வண்டல் கிடைக்காது. பச்சை லேசர் கொண்டு தண்ணீருக்கு அடியிலும் அளக்கும் கருவிகள் உண்டு. அவை தெளிந்த நீருக்கானவை, விலையும் அதிகம். தண்ணீர் வற்றாத இடத்தில் படகில் எதிரொலிக் கருவி வைத்து அளப்பதே மேல். ஆனி பிறந்துவிட்டால் நம் கரையில் தென்மேற்குக் காற்று பிடித்துக்கொள்ளும். சிறிய ட்ரோன் அதில் நிலையாக நிற்காது.

இன்னொரு தடை சீமைக்கருவேலம். கேமரா காண்பது மரத்தின் தலையை, தரையை அல்ல. புதர் மண்டிய கண்மாயைச் சாதாரணக் கேமராவால் அளந்துவிட்டு "கண்மாய் இரண்டு மீட்டர் மேடாகிவிட்டது" என்று அறிக்கை கொடுத்தால் அது மரத்தின் உயரம்தான். இலை இடுக்கு வழியே தரையைத் தொடும் லைடார் என்ற லேசர் கருவி வேண்டும். இல்லாவிட்டால், மரத்தை அகற்றிய பிறகு பறக்க வேண்டும். கருவேலம் அகற்றும் ஏலம் நடக்கவிருக்கும் கண்மாய் என்றால் அளவையை அதற்குப் பின்னால் தள்ளிவையுங்கள்.

எந்த மண்ணை எடுப்பது

இனிதான் விஷயம். கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறை 2024-ல் வந்தது. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கே தோண்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் வண்டி போக வசதியான கரையோரத்தில், ஒரே இடத்தில், ஆள் முழுகும் ஆழத்துக்கு.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. மாடு குடிக்கும், மீன் வளரும், ஓரளவு நிலத்தடிக்கு இறங்கும். பாசனக் கணக்கில் அது சேராது. மடை அடிமட்டத்துக்கு மேல் படிந்திருக்கும் வண்டலை எடுத்தால்தான் எடுத்த அளவுக்குப் பாசன நீர் கூடும். அந்த மண் கண்மாயின் நடுவிலும் வரத்துக்கால் வாயிலும் மெல்லிய பரப்பாகக் கிடக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மட்ட வரைபடம் ஒன்றுதான் அதைக் காட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு எக்டேர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் சராசரி 30 சென்டிமீட்டர் வண்டல் மடை மட்டத்துக்கு மேல் இருக்கிறது என்று வையுங்கள். அது 3 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 10.6 மில்லியன் கன அடி. நெல்லுக்கு ஒரு முறை ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட எக்டேருக்கு 500 கன மீட்டர் வேண்டும். ஆவியாவதிலும் வாய்க்காலிலும் பாதி போனாலும், 300 எக்டேருக்கு, கிட்டத்தட்ட 740 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். புழுதி விதைப்பு நெல் தை மாதத்தில் பால் பிடிக்கும்போது அந்த ஒரு தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் நம் மாவட்டத்தின் விளைச்சல் நிற்கிறது. இது யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே கணக்கின் மறுபக்கம்: 3 லட்சம் கன மீட்டர் மண்ணை ஏக்கருக்கு 75 கன மீட்டர் வீதம் கொண்டுபோக 4,000 ஏக்கர் நன்செய் வேண்டும். ஒரு கோடையில் முடியாது. எனவே முதலில் எடுக்க வேண்டியது எது என்று தீர்மானிக்கவாவது வரைபடம் வேண்டும். 618 மில்லியன் கன அடி கொள்ளும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலும், நாற்பத்தெட்டு மடை என்று ஊர் பேசும், 1,205 மில்லியன் கன அடி கொள்ளும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயிலும் இது இன்னும் பெரிய கணக்கு. அங்கெல்லாம் நான்கு காற்றாடி ட்ரோன் போதாது, இறக்கையுள்ள வகை வேண்டும்.

ஆற்றிலும் இதே பிரச்சினைதான். மணல் போய்ப் படுகை தாழ்ந்த இடங்களில் வரத்துக்காலின் தலைவாய் உயரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் கரையில் நின்று பார்க்கலாம், கால்வாயில் ஏறாது. கால்வாயைத் தூர்வார எவ்வளவு செலவழித்தாலும் பயனில்லை. தலைவாய்க்கும் படுகைக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தை எண்ணாக எழுதிக் கொடுத்தால்தான் தடுப்பணையா, தலைவாயைத் தாழ்த்துவதா என்று பொறியாளரோடு பேச முடியும்.

வெள்ளத்துக்கும் மட்டம்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர். அன்று தண்ணீர் எந்தத் தெருவில் தேங்கியது, எந்தச் சாலை அதை மறித்தது என்று தீவின் மக்களுக்குத் தெரியும். வடிகாலை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதற்குச் சென்டிமீட்டர் கணக்கில் மட்டம் வேண்டும்.

வெப்பப் படம் எங்கே உதவும், எங்கே உதவாது

தண்ணீரின் வெப்பத்தை வானிலிருந்து அளக்கும் பழக்கம் அமெரிக்காவின் ஓரிகன் போன்ற வடமேற்குப் பகுதிகளில் வலுப்பெற்றது. அங்கே சால்மன், டிரவுட் மீன்களுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். கோடையில் ஆறு சூடாகும்போது அடியிலிருந்து குளிர்ந்த ஊற்று சுரக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க 1990-களிலிருந்து ஹெலிகாப்டரில் வெப்பக் கேமராவைக் கொண்டுபோனார்கள். இப்போது அதை ட்ரோன் செய்கிறது. அங்கே ஆற்று நீருக்கும் ஊற்று நீருக்கும் பல டிகிரி வித்தியாசம் இருக்கும்.

நம் நிலை வேறு. வைகையின் கடைசிப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரே இல்லை. கிணற்று நீர் ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கடலும் அதற்கு இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழுமாகத்தான் போய் வரும். மேலும், வெப்பக் கேமரா பார்ப்பது தண்ணீரின் மேல்தோலை மட்டும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அடியில் என்ன என்று அதற்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து இடங்களின் வித்தியாசத்தை நுட்பமாகக் காட்டும், ஆனால் "இங்கே 30.2 டிகிரி" என்று அது சொல்லும் எண்ணில் சில டிகிரி பிழை இருக்கலாம். தண்ணீரில் வெப்பமானி வைத்து ஒப்பிடாத வெப்பப் படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இது உண்மையிலேயே உதவலாம்: ராமேசுவரம் தீவும் மண்டபம் கரையும். தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் கிணறு, அதில் நல்ல தண்ணீர். நிலத்தடி நன்னீர் கடலை நோக்கி நகர்ந்து கரையோரத்தில் வெளியேறுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இப்படி வெளியேறும் இடங்கள் வேறு எங்கெங்கே என்று தேட, தை மாத விடியற்காலை நல்ல நேரம். கடல் 26, 27 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஊற்று நீர் அதைவிடக் கொஞ்சம் சூடு. நன்னீர் உப்பு நீரைவிட லேசானது என்பதால் மேலே மிதக்கும், கேமராவுக்குத் தெரியும். தெரிந்த இடத்தில் இறங்கி உப்பு அளவைச் சோதித்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் தீவின் கிணறுகளைக் காப்பாற்ற வெப்பப் படத்தைவிட மீண்டும் மட்டமே முக்கியம். கடலோர மணலில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கிணற்று நீர்மட்டம் கடலுக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் நூறாண்டுக்கு முன்பே சொன்ன விதி. மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 30 சென்டிமீட்டர் இறக்கினால், அடியில் உப்பு நீர் காலப்போக்கில் 12 மீட்டர் ஏறும். கிணற்றுவாயின் உயரம் சரியாகத் தெரிந்தால், கயிறு விட்டு ஆழம் பார்த்து இந்தக் கணக்கை யாரும் போடலாம். அந்த உயரத்தை ஒரே நாளில் ஊர் முழுவதுக்கும் தரக்கூடியது ட்ரோன் அளவை.

பாசி வளர்ப்பவர்களும் கேட்கிறார்கள். 2013-14-ல் கடல் சூடேறியதில் கப்பாபைகஸ் பாசி பெருமளவில் அழிந்ததை மண்டபம், பாம்பன், தொண்டிப் பெண்கள் மறந்திருக்க மாட்டார்கள். வலமாவூரில் பாசிப் பூங்கா வரும் நேரத்தில் கடல் வெப்பத்தைக் கவனிப்பது அவசியம்தான். ஆனால் அதற்கு ட்ரோன் வேண்டாம். மிதவையின் அடியில், பாசி தொங்கும் ஆழத்தில், ஒரு வெப்பமானி கட்டித் தினமும் காலை, பிற்பகல் இரண்டு முறை குறித்துவந்தால் போதும். கடல்பரப்பு முழுவதுக்குமான வெப்ப நிலவரத்தை ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக இலவசமாகத் தருகிறது. பவளப்பாறை வெளிறும் எச்சரிக்கையும் அங்கேயே கிடைக்கிறது. அந்த எச்சரிக்கை பாசிக்காரர்களுக்கும் ஒரு முன்தகவல்.

பறக்க அனுமதி

2021 ட்ரோன் விதிகளுக்குப் பிறகு நடைமுறை எளிதாகியிருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் அவ்வளவு எளிதல்ல. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் இருக்கிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பறக்கலாம். அதற்கும் உள்ளே தரையிலிருந்தே கட்டுப்பாடு. சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. எல்லைக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் தனுஷ்கோடிப் பக்கம் காவல் துறை, கடலோரக் காவல் படை கேள்வி கேட்பது இயல்பு. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் மேல் வனத் துறை அனுமதி வேண்டும். உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டு ஒப்பந்தம் பேசுங்கள். 200 அடிதான் அனுமதி என்றால் படம் இன்னும் நுட்பமாக வரும், நேரமும் பேட்டரியும் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி மறக்காமல் இருக்கட்டும். அச்சடித்த படம் மட்டும் அல்ல, மட்டக் கோப்புகளும் தரைக்குறிப் பட்டியலும் பிழை அறிக்கையும் ஊராட்சியிடமும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திடமும் ஒப்படைக்கப்பட வேண்டும். பழைய சமஸ்தானக் கண்மாய்கள் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே அரசின் கைக்கு வந்தவை. பலவற்றுக்கு ஊராரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அளந்த எண்களைக் கலுங்கிலும் ஒவ்வொரு மடைக்கல்லிலும் பெயின்டில் எழுதிவிடுங்கள். அடுத்த முறை அளக்க வருபவர் அதிலிருந்து தொடங்கலாம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்று தீர்மானம் போட்டுவிட்டால், சித்திரை, வைகாசிக்குள் பறந்து முடிக்க அவகாசம் இருக்கும்.